வலியை வென்ற பல் மருத்துவம்

பல்வலி வந்ததும் தமிழர் வீடுகளில் முதலில் தேடப்படுபவர் பல் மருத்துவர் அல்லர். அஞ்சறைப் பெட்டியில் இருக்கும் கிராம்பே முதலில் தேடப்படுகிறது. கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் பிரிக்பீல்ட்ஸிலும் உள்ள மளிகைக் கடைகளில் கிராம்பு எளிதாகக் கிடைக்கும். ஒரு கிராம்பை எடுத்துச் சொத்தைப் பல்லில் வைத்துக் கடித்தால் வலி சற்று அடங்கும். இது வெறும் நம்பிக்கை அன்று. கிராம்பு எண்ணெயில் உள்ள யூஜெனால் என்னும் பொருளுக்கு நரம்பின் உணர்வைத் தற்காலிகமாக மழுங்கச் செய்யும் தன்மை உண்டு. பல் மருத்துவர்களும் தற்காலிகப் பல் அடைப்புகளில் இதே பொருளைத் துத்தநாக ஆக்சைடுடன் கலந்து பயன்படுத்துகின்றனர்.

ஆயினும், கிராம்பு வலியை மறைக்குமே அன்றிச் சொத்தையை நீக்காது. இதை அறிந்தவர்கள்கூட மருத்துவரிடம் செல்வதை நாள்தோறும் தள்ளிப் போடுகின்றனர். இதற்குப் பெரும்பாலும் காரணமாக அமைவது பயமே. ஊசி வலிக்கும், பல்லைப் பிடுங்கும்போது உயிரே போய்விடும் என்ற எண்ணம் பலருடைய மனத்தில் வேரூன்றியுள்ளது. ஒரு காலத்தில் இந்தப் பயத்துக்கு நியாயம் இருந்தது. இன்று நிலைமை முற்றிலும் மாறிவிட்டது. அந்த மாற்றம் எவ்வாறு ஏற்பட்டது, மரத்துப்போகச் செய்யும் ஊசி எவ்வாறு வேலை செய்கிறது என்பவற்றை அறிந்துகொண்டால் பயத்தின் பெரும்பகுதி தானாகவே விலகும்.

வலியைத் தாங்கியே தீரவேண்டிய காலம்

ஏறத்தாழ 180 ஆண்டுகளுக்கு முன்புவரை பல்லைப் பிடுங்குவது என்றால் நோயாளியை அசையாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். மருத்துவர் விரைந்து செயல்பட வேண்டும். வேறு வழி இல்லை. ஐரோப்பாவில் முடிதிருத்துபவர்களே பல் பிடுங்கும் வேலையையும் செய்துவந்தனர். கைவேகமே அவர்களுடைய திறமையாகக் கருதப்பட்டது.

இந்நிலையை மாற்ற முதன்முதலில் முயன்றவர்களுள் ஒருவர் ஹோரஸ் வெல்ஸ் என்னும் அமெரிக்கப் பல் மருத்துவர். 1844ஆம் ஆண்டு டிசம்பர் 10ஆம் நாள், ஹார்ட்ஃபர்ட் நகரில் நடந்த ஒரு பொதுக் காட்சிக்கு அவர் சென்றிருந்தார். அங்கு நைட்ரஸ் ஆக்சைடு எனப்படும் சிரிப்பு வாயுவை முகர்ந்தவர்கள் ஆடிப் பாடினர், சிரித்து மகிழ்ந்தனர். அவர்களுள் ஒருவர் காலில் அடிபட்டும் வலியை உணராமல் இருந்ததை வெல்ஸ் கவனித்தார். மற்றவர்களுக்கு வேடிக்கையாகத் தெரிந்த அந்நிகழ்வு அவருக்கு ஒரு பெரிய கேள்வியை எழுப்பியது. மறுநாளே வெல்ஸ் அந்த வாயுவைத் தாமே முகர்ந்து, ஜான் ரிக்ஸ் என்னும் சக மருத்துவரைக் கொண்டு தம் பல்லைப் பிடுங்கச் செய்தார். வலி தெரியவில்லை.

1845ஆம் ஆண்டு தொடக்கத்தில் பாஸ்டன் நகரில் மருத்துவர்கள், மாணவர்கள் முன்னிலையில் வெல்ஸ் இதனைச் செய்து காட்டினார். ஆனால், நோயாளி பாதியில் கத்திவிட்டார். கூடியிருந்தோர் வெல்ஸை ஏளனம் செய்தனர். அடுத்த ஆண்டு, 1846 அக்டோபர் 16ஆம் நாள், அதே நகரில் வில்லியம் மார்ட்டன் என்னும் மற்றொரு பல் மருத்துவர் ஈத்தர் ஆவியைப் பயன்படுத்தி ஒரு நோயாளியை மயக்கமடையச் செய்தார். அறுவை சிகிச்சை வெற்றிகரமாக நடந்தது. வெல்ஸ் தம் முயற்சிக்கு உரிய பெருமையைக் காணாமலேயே 1848ஆம் ஆண்டில் மறைந்தார். அவர் அறிமுகப்படுத்திய சிரிப்பு வாயுவோ, பயந்த நோயாளிகளை அமைதிப்படுத்த இன்றும் பல் மருத்துவத்தில் பயன்படுத்தப்படுகிறது.

மயக்கமின்றி மரக்கச் செய்தல்

முழு மயக்கம் பெரிய அறுவை சிகிச்சைகளுக்கு ஏற்றது. ஒரே ஒரு பல்லுக்காக ஒருவரை முழுமையாக மயக்கமடையச் செய்வது தேவையற்றது, ஆபத்தும் அதிகம். நோயாளி விழித்திருக்க வேண்டும். சிகிச்சை நடைபெறும் இடம் மட்டும் மரத்துப்போக வேண்டும். இதற்கான முதல் விடை தென் அமெரிக்காவின் கோக்கா இலையிலிருந்து கிடைத்தது. அவ்விலையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட கொக்கேய்ன் என்னும் பொருளைச் சில துளிகள் விட்டால் கண்ணின் மேற்பரப்பு மரத்துப்போகிறது என்பதை 1884ஆம் ஆண்டில் வியன்னாவைச் சேர்ந்த கார்ல் கோலர் உலகுக்கு எடுத்துக்காட்டினார். அதே ஆண்டில் அமெரிக்க அறுவை மருத்துவர் வில்லியம் ஹால்ஸ்டட்டும் அவருடைய குழுவினரும் அம்மருந்தைக் கீழ்த்தாடை நரம்பின் அருகே செலுத்தி, பற்களை மரக்கச் செய்தனர்.

ஆனால், இம்மருந்து ஒரு கொடிய விலையையும் கேட்டது. கொக்கேய்ன் மனிதனை அடிமைப்படுத்தும் போதைப்பொருள். தம் உடலிலேயே அதைச் சோதித்துப் பார்த்த ஹால்ஸ்டட் அதற்கு அடிமையாகிப் பெரிதும் துன்புற்றார். எனவே, போதை தராமல் மரக்கச் செய்யும் மருந்தை விஞ்ஞானிகள் தேடத் தொடங்கினர். ஜெர்மனியைச் சேர்ந்த ஆல்ஃபிரட் ஐன்ஹார்ன் ஆய்வகத்தில் உருவாக்கிய புரோக்கேய்ன் 1905ஆம் ஆண்டில் மருத்துவப் பயன்பாட்டுக்கு வந்தது. நோவோகேய்ன் என்னும் விற்பனைப் பெயரால் அது உலகெங்கும் புகழ்பெற்றது. எனினும், அது மெதுவாகவே வேலை செய்தது. சிலருக்கு ஒவ்வாமையையும் உண்டாக்கியது.

1943ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு வேதியியலாளர் நில்ஸ் லோஃப்கிரேன், லிக்னோகேய்ன் என்னும் புதிய மருந்தை உருவாக்கினார். அவருடைய இளம் உதவியாளர் பெங்ட் லுண்ட்குவிஸ்ட் அதைத் தம் உடலில் செலுத்திச் சோதித்தார். 1948ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்த இம்மருந்து விரைவாக வேலை செய்தது. ஒவ்வாமையும் மிக அரிதாகவே ஏற்பட்டது. லிடோகேய்ன் என்றும் அழைக்கப்படும் இம்மருந்தே இன்றும் மலேசியா உட்பட உலகின் பல நாடுகளில் பல் மருத்துவர்களுடைய முதல் தேர்வாக விளங்குகிறது.

மருந்து செய்யும் வேலை

பல்லின் மேற்பகுதியான எனாமலில் நரம்பு இல்லை. அதனால்தான் சொத்தை தொடங்கும்போது வலிப்பதில்லை. சொத்தை எனாமலைக் கடந்து பல்திசுவை அடையும்போது குளிர்ந்த நீரும் இனிப்பும் கூசத் தொடங்கும். பல்லின் நடுவில் இரத்தக் குழாய்களும் நரம்புகளும் நிறைந்த பற்கூழ் உள்ளது. கிருமிகள் அங்கு நுழைந்தால்தான் தூக்கத்தைக் கெடுக்கும் கடும் வலி ஏற்படும்.

இந்த வலிச்செய்தி பல்லிலிருந்து மூளைக்கு நரம்பின் வழியே மின்துடிப்பாகச் செல்கிறது. நரம்புச் சுவரில் நுண்ணிய வாயில்கள் உள்ளன. சோடியம் அயனிகள் அவ்வாயில்களின் வழியே உள்ளே பாயும்போது மின்துடிப்பு ஓரிடத்திலிருந்து அடுத்த இடத்துக்கு நகர்கிறது. லிக்னோகேய்ன் இவ்வாயில்களை அடைத்துவிடுகிறது. சோடியம் நுழைய முடியாததால் துடிப்பு அங்கேயே நின்றுவிடுகிறது. பல்லில் நடப்பது மூளைக்குத் தெரிவதில்லை. சில மணி நேரத்தில் மருந்து இரத்தத்தில் கலந்து வெளியேறியதும் வாயில்கள் மீண்டும் திறந்துகொள்கின்றன. நரம்புக்கு எந்தப் பாதிப்பும் இல்லை.

வலியைக் கடத்தும் மெல்லிய நரம்பிழைகளே முதலில் மரக்கின்றன. அழுத்தத்தை உணர்த்தும் தடித்த இழைகள் முழுமையாக மரப்பதில்லை. ஆகவே, பல் பிடுங்கும்போது அழுத்துவதும் அசைப்பதும் தெரியும். ஆனால் வலி தெரியாது. இவ்வேறுபாட்டை அறியாதவர்கள் அழுத்தத்தை உணர்ந்தவுடன், மருந்து வேலை செய்யவில்லை என்று பதறிவிடுகின்றனர்.

பல் மருத்துவர் கையாளும் மருந்துக் குழல் சிறியது. அதில் பொதுவாக 2.2 மில்லிலிட்டர் மருந்து இருக்கும். 2 விழுக்காட்டு லிக்னோகேய்ன் என்றால் ஒரு மில்லிலிட்டரில் 20 மில்லிகிராம் மருந்து உள்ளது என்று பொருள். அதன்படி ஒரு குழலில் 44 மில்லிகிராம் மருந்து இருக்கும். அதனுடன் 80,000 பங்குக்கு ஒரு பங்கு என்ற மிகச் சிறிய அளவில் அட்ரினலினும் சேர்க்கப்படுகிறது. அட்ரினலின் அவ்விடத்து இரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. அதனால் மருந்து விரைவில் கரைந்து போகாமல் நெடுநேரம் நிற்கிறது. இரத்தக் கசிவும் குறைகிறது. ஊசி போட்டதும் சிலருக்கு நெஞ்சு சற்று வேகமாகத் துடிப்பது இந்த அட்ரினலினால்தான். அது விரைவில் அடங்கிவிடும். நோயாளியின் உடல் எடைக்கும் உடல்நிலைக்கும் ஏற்பவே மருத்துவர் மருந்தின் அளவைக் கணக்கிடுகிறார். எனவே, இருதய நோய், ஒவ்வாமை, உட்கொள்ளும் மருந்துகள் ஆகியவற்றை அவரிடம் முன்கூட்டியே தெரிவிப்பது மிக அவசியம்.

உதடு மரப்பது ஏன்?

மேல்தாடை எலும்பு மெல்லியது, நுண்துளைகள் நிறைந்தது. பல்லின் அருகே ஈற்றில் மருந்தைச் செலுத்தினால் அது எலும்பில் ஊறிச் சில நிமிடங்களில் பல்லின் வேரை அடைந்துவிடும். கீழ்த்தாடையின் கடைவாய்ப் பகுதியிலோ எலும்பு தடித்தும் கெட்டியாகவும் இருக்கும். அங்கு மருந்து எளிதில் ஊறாது. ஆகவே, கீழ்த்தாடைப் பற்களுக்குச் செல்லும் முதன்மை நரம்பு எலும்புக்குள் நுழையும் இடத்தில், அதாவது வாயின் பின்பகுதியில், மருத்துவர் மருந்தைச் செலுத்துகிறார். ஒரு வீட்டு விளக்கை அணைக்க விசையைத் தட்டுவதற்குப் பதிலாக, அத்தெரு முழுமைக்கும் செல்லும் மின்சாரத்தை நிறுத்துவதைப் போன்றது இது. அதனால்தான் ஒரு பல்லுக்குப் போட்ட ஊசியால் கீழுதட்டின் பாதியும் நாக்கின் பாதியும் சேர்ந்தே மரத்துப்போகின்றன.

வீங்கிய பல்லும் வேலை செய்யாத மருந்தும்

“வீங்கியிருக்கும்போது பல்லைப் பிடுங்கக் கூடாது” என்று பெரியவர்கள் கூறுவதுண்டு. இக்கூற்றில் ஓரளவு உண்மை இருக்கிறது. அதன் காரணம் வேதியியலில் உள்ளது.

லிக்னோகேய்ன் மூலக்கூறுகள் மின்னேற்றம் உள்ளவை, இல்லாதவை என இரு வடிவங்களில் காணப்படும். மின்னேற்றம் இல்லாத வடிவமே நரம்புச் சுவரைக் கடந்து உள்ளே செல்ல முடியும். கிருமித் தொற்றினால் சீழ் பிடித்த இடத்தில் அமிலத்தன்மை கூடிவிடும். அமிலச் சூழலில் பெரும்பாலான மூலக்கூறுகள் மின்னேற்றம் பெற்றுச் சுவருக்கு வெளியே தங்கிவிடுகின்றன. அதனால் மருந்து சரியாக வேலை செய்வதில்லை. பற்கூழ் அழற்சியடைந்த கீழ்க் கடைவாய்ப் பல்லை மரக்கச் செய்வதும் கடினமே.

அதற்காக வீக்கத்தோடு வீட்டிலேயே காத்திருப்பது தவறு. தொற்று தாடையிலிருந்து கழுத்துக்குப் பரவினால் மூச்சு விடுவதே சிரமமாகி உயிருக்கு ஆபத்து ஏற்படலாம். மருத்துவர் சீழை வெளியேற்றலாம். வீக்கத்திலிருந்து தள்ளி நரம்பின் வேறோர் இடத்தில் மருந்தைச் செலுத்தலாம். தேவைப்பட்டால் நுண்ணுயிர்க்கொல்லி மருந்தும் வழங்கலாம். எதைச் செய்வது என்பதை அவரே முடிவு செய்ய வேண்டும்.

இங்கு ஓர் உண்மை தெளிவாகிறது. சொத்தை சிறிதாக இருக்கும்போதே சென்றால் ஊசியே தேவைப்படாமலும் போகலாம். தேவைப்பட்டாலும் மருந்து எளிதில் வேலை செய்யும். வலிக்குப் பயந்து மாதக்கணக்கில் தள்ளிப் போட்டவருக்குத்தான் மரக்கச் செய்வதே கடினமாகிறது. பயந்த வலியைப் பயமே கொண்டுவந்து சேர்க்கிறது.

ஊசியின் வலியும் குறைந்தது

பல் மரத்தால் போதுமா? மரக்கச் செய்யும் ஊசியே வலித்தால் என்ன செய்வது? இக்கேள்விக்கும் பல் மருத்துவம் விடை கண்டுள்ளது. முதலில் ஈற்றின் மேல் மரக்கச் செய்யும் களிம்பு தடவப்படுகிறது. ஓரிரு நிமிடங்களில் மேற்பரப்பு மரத்துப்போவதால் ஊசி நுழைவது அதிகம் தெரிவதில்லை. இன்று பயன்படுத்தப்படும் ஊசிகள் 0.3 அல்லது 0.4 மில்லிமீட்டர் தடிப்பே கொண்டவை. ஒருமுறை பயன்படுத்தியதும் அவை அப்புறப்படுத்தப்படுகின்றன.

உண்மையில், ஊசி குத்துவதைவிட மருந்து வேகமாகப் பாய்வதே அதிக வலியைத் தருகிறது. ஆதலால், ஒரு மில்லிலிட்டர் மருந்தைச் செலுத்த ஏறத்தாழ ஒரு நிமிடம் எடுத்துக்கொள்ளுமாறு மருத்துவர்கள் பயிற்றுவிக்கப்படுகின்றனர். இந்தச் சீரான வேகத்தைக் காக்க 1990களின் இறுதியில் கணினியால் கட்டுப்படுத்தப்படும் ஊசிக் கருவிகளும் வந்தன. அவை பேனாவைப் போன்ற தோற்றம் உடையவை. மருந்தைத் துளித்துளியாகச் செலுத்துபவை.

ஊசி போடும்போது சில மருத்துவர்கள் நோயாளியின் கன்னத்தை மெல்ல அசைப்பார்கள். இதற்கும் அறிவியல் காரணம் உண்டு. தொடுதல், அதிர்வு ஆகிய உணர்வுகள் தண்டுவடத்தை அடையும்போது வலிச்செய்திக்கான வாயிலைச் சற்று மூடிவிடுகின்றன என்னும் கோட்பாட்டை 1965ஆம் ஆண்டில் ரொனால்ட் மெல்சாக், பேட்ரிக் வால் ஆகியோர் வெளியிட்டனர். முழங்கையை இடித்துக்கொண்டவர் உடனே அதைத் தேய்த்துக்கொள்வதும் இதே காரணத்தால்தான். அட்ரினலின் கலந்த மருந்து கெடாமல் இருக்க அமிலத்தன்மையுடன் வைக்கப்படுகிறது. அதுவே எரிச்சலைத் தருகிறது. செலுத்துவதற்குச் சற்று முன்பு அதனுடன் சோடியம் பைகார்பனேட் சேர்த்து எரிச்சலைக் குறைக்கும் முறையும் சில இடங்களில் கையாளப்படுகிறது.

மலேசியாவில் வலியில்லாப் பல் மருத்துவம்

நாடு விடுதலை பெறுவதற்கு முன்பே, 1949ஆம் ஆண்டில், பினாங்கில் பல் தாதியர்க்கான பயிற்சி தொடங்கப்பட்டது. பள்ளி மாணவர்களின் பற்களைப் பேணுவதே அதன் நோக்கம். 1972ஆம் ஆண்டில் கோலாலம்பூரில் உள்ள மலாயாப் பல்கலைக்கழகத்தில் பல் மருத்துவப் புலம் நிறுவப்பட்டது. அதற்கு முன்னர், மலாயாவைச் சேர்ந்தவர்கள் பல் மருத்துவம் பயிலச் சிங்கப்பூருக்கோ வேறு நாடுகளுக்கோ செல்ல வேண்டியிருந்தது.

இன்று சுகாதார அமைச்சின் பல் மருத்துவக் குழுக்கள் பள்ளிகளுக்கே வந்து மாணவர்களின் பற்களைச் சோதிக்கின்றன. சிறு சொத்தையைத் தொடக்கத்திலேயே அடைத்துவிடுவதால் பல மாணவர்கள் கடும் பல்வலியிலிருந்து தப்பிக்கின்றனர். நாற்காலியில் அமர முடியாத அளவுக்கு அஞ்சும் சிறு குழந்தைகளுக்கும் பல பற்கள் சொத்தையானவர்களுக்கும் மருத்துவமனையில் முழு மயக்கத்தில் சிகிச்சை அளிக்கப்படுவதும் உண்டு. கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனை, கோலாலம்பூர் துங்கு அசிசா மருத்துவமனை ஆகியவற்றில் குழந்தைகளுக்கான சிறப்புப் பல் மருத்துவப் பிரிவுகள் உள்ளன.

மரக்கச் செய்யும் ஊசியைப் பயிற்சி பெற்றவர்களே போட வேண்டும். பதிவு பெறாதவர்கள் பல் சிகிச்சை அளிப்பது சட்டத்துக்குப் புறம்பானது; மலிவு என்பதற்காக அவர்களிடம் சிகிச்சை பெறுவது உயிருக்கும் ஆபத்தானது. மருந்தின் அளவு மிகுந்தாலோ ஊசி தவறிப்போய் இரத்தக் குழாயில் பாய்ந்தாலோ உடனே செய்ய வேண்டியது என்ன என்பதை அவர்கள் அறியமாட்டார்கள்.

நோயாளியின் பங்கு

மருந்தும் கருவியும் எவ்வளவு வளர்ந்திருந்தாலும், வலிக்கிறதா இல்லையா என்பதை அறிந்தவர் நோயாளி ஒருவரே. சிகிச்சை தொடங்கும் முன்பே “எனக்குப் பயமாக இருக்கிறது” என்று மருத்துவரிடம் கூறுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வலித்தால் இடக்கையை உயர்த்துவதாக முன்கூட்டியே பேசிக்கொள்ளலாம். கை உயர்ந்ததும் மருத்துவர் நிறுத்துவார்; தேவையானால் மேலும் சிறிது மருந்து செலுத்துவார். பல்லைக் கடித்துக்கொண்டு பொறுப்பது வீரம் அன்று.

சிகிச்சைக்குப் பின்னும் சில மணி நேரம் உதடு மரத்திருக்கும். அந்நேரத்தில் சூடான தே தாரேக் அருந்தினால் வாய் வெந்துபோவதுகூடத் தெரியாது. சிறுவர்கள் மரத்த உதட்டை விளையாட்டாகக் கடித்துப் புண்ணாக்கிக்கொள்வதும் உண்டு. எனவே, உணர்வு முழுமையாகத் திரும்பும்வரை உணவைத் தவிர்ப்பதும், தம்பி தங்கையரைக் கண்காணிப்பதும் நல்லது. வலி நிவாரண மாத்திரையை விழுங்க வேண்டுமே தவிர, பொடித்து ஈற்றின் மேல் வைக்கக் கூடாது. அவ்வாறு வைத்தால் ஈறு வெந்து புண்ணாகிவிடும். கலப்பற்ற கிராம்பு எண்ணெயும் மென்மையான ஈற்றைச் சுட்டுவிடும்.

வெல்ஸ் ஏளனத்தைத் தாங்கினார். ஹால்ஸ்டட் தம் உடல்நலத்தை இழந்தார். லுண்ட்குவிஸ்ட் தம் உடலையே சோதனைக்களமாக்கினார். இத்தகையோர் பலருடைய உழைப்பினால் கிடைத்த நன்மை இன்று ஒவ்வொரு பல் மருத்துவ நிலையத்திலும் ஒரு சிறு குழலில் அடங்கியிருக்கிறது. பல் கூசத் தொடங்கும் நாளிலேயே மருத்துவரை நாடுபவர் அந்த நன்மையை முழுமையாகப் பெறுகிறார்.